இத்தாலியத் திராட்சை ஒயின்: லாங்கேவா, கிங் வேலியா, அமடோரா?

இத்தாலியத் திராட்சையில் ஒயின் செய்யும் சிறிய ஒயினரி ஒன்றுக்குப் போக வேண்டும் என்ற ஆசை வந்தவுடன் எல்லோரும் முதலில் பார்ப்பது இத்தாலிக்கு விமான டிக்கெட். அதில் தப்பில்லை. ஆனால் அதுதான் எல்லோருக்கும் சரியான வழி என்று நான் சொல்ல மாட்டேன். நெபியோலோ, சாஞ்சொவேசே, பார்பேரா, ஃபியானோ போன்ற கொடிகள் கடல் கடந்து போய் வேறு மண்ணிலும் வேர் பிடித்திருக்கின்றன. சில இடங்களில் அவை நன்றாகவே இருக்கின்றன. சில இடங்களில் பிழைத்துக் கிடக்கின்றன, அவ்வளவுதான். எது எங்கே நன்றாக வருகிறது என்று தெரிந்துகொண்டு பயணத்தைத் திட்டமிட்டால் பணமும் மிச்சம், ஏமாற்றமும் இல்லை.

மூன்று இடங்களை எடுத்துக்கொள்கிறேன். இத்தாலியின் வடமேற்கில் பீட்மாண்ட் மாநிலத்தில் உள்ள லாங்கே குன்றுகள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிங் வேலி. கலிபோர்னியாவில் சியரா நெவாடா மலையடிவாரத்தில் இருக்கும் அமடோர் கவுண்டி. மூன்றிலும் குடும்பமாக நடத்தும் சிறிய ஒயினரிகள் இருக்கின்றன. ஒயின் செய்தவரே வந்து ஊற்றிக் கொடுக்கும் வாய்ப்பு மூன்றிலும் உண்டு. பெரிய பெயர்ப் பலகையும் பேருந்து நிறையக் கூட்டமும் உள்ள இடங்களை விட்டுவிட்டேன்; அங்கே எந்த நாட்டுத் திராட்சையாக இருந்தாலும் அனுபவம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முடிவெடுக்கும் முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒரே திராட்சையை ஆழமாகத் தெரிந்துகொள்ள வேண்டுமா, பல திராட்சைகளை ஒருமுறை அறிமுகம் செய்துகொண்டால் போதுமா? செலவு, தூரம், பருவம் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஏன் இந்தக் கேள்வி என்றால், இத்தாலியில் அதிகாரப்பூர்வமாகப் பதிவான ஒயின் திராட்சை வகைகள் 500க்கும் மேல். ஆனால் பெரும்பாலானவை பிறந்த ஊரை விட்டு நகர்வதில்லை. லாங்கேயில் ஒரு சிறிய ஒயினரிக்குள் போனால் நெபியோலோ கிடைக்கும், பார்பேரா கிடைக்கும், டோல்செட்டோ கிடைக்கும், வெள்ளையில் ஆர்னேஸ் கிடைக்கலாம். அல்யானிகோ இருக்கிறதா என்று கேட்டால் சிரிப்பார்கள். அதற்கு நீங்கள் தெற்கே கம்பானியாவுக்கோ பசிலிக்காட்டாவுக்கோ போக வேண்டும். நெரெல்லோ மஸ்கலேசே வேண்டுமென்றால் சிசிலியில் எட்னா எரிமலைச் சரிவுக்கு. சக்ராந்தீனோவுக்கு உம்ப்ரியாவில் மொந்தேஃபால்கோவுக்கு. இத்தாலியில் இத்தாலியத் திராட்சைகளை எல்லாம் ருசிக்க நினைப்பவர் நாட்டை மேலிருந்து கீழ்வரை அளக்க வேண்டும். இத்தாலிக்கு வெளியே உள்ள சிறிய ஒயினரியிலோ வடக்கும் தெற்கும் ஒரே மேசையில் வரிசையாக நிற்கும்.

லாங்கேயிலிருந்தே தொடங்குவோம். தூரின் நகரிலிருந்து தென்கிழக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் ஆல்பா. அதைச் சுற்றியுள்ள குன்றுகளில்தான் பரோலோவும் பார்பரெஸ்கோவும்; ஊரின் பெயரே ஒயினுக்கும் பெயர். இரண்டு ஒயினும் நெபியோலோ மட்டுமே கொண்டு செய்யப்படுபவை. இந்தத் திராட்சைத் தோட்ட நிலப்பரப்பை யுனெஸ்கோ 2014இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பரோலோ என்ற பெயரில் ஒயின் விற்கத் தகுதியுள்ள ஊர்கள் மொத்தம் 11. அந்த 11க்குள்ளேயே மண் மாறுகிறது. லா மொர்ரா பக்கத்து ஒயின் கொஞ்சம் மென்மையாக, சீக்கிரமே மணம் விடும். செர்ராலுங்கா பக்கத்து ஒயின் இறுக்கமானது. பல வருடம் பாட்டிலில் கிடந்துதான் இளகும். இந்த வித்தியாசத்தைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு, இரண்டு கோப்பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்ப்பது வேறு. இதற்காக மட்டுமே லாங்கே போகலாம் என்பேன்.

இங்கே சிறிய ஒயினரி என்றால் பல சமயம் வீடும் அதுதான். மேலே குடும்பம் வசிக்கும், கீழே நிலவறையில் பீப்பாய்கள் இருக்கும். முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டு நேரம் வாங்காமல் போனால் கதவு திறக்காது. பல இடங்கள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். மதிய உணவு நேரத்தில் யாரும் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். நேரம் வாங்கிப் போனாலோ, கவனிப்பு வேறு மாதிரி. முதலில் தோட்டத்தைக் காட்டுவார்கள், அடுத்து பீப்பாய் அறை, கடைசியில் உட்கார வைத்து வரிசையாக ஊற்றுவார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். மூன்றாவதுக்கு நேரம் வாங்குபவர்கள் அங்கே போய் ஊற்றியதை ரசிக்கும் நிலையில் இருப்பதில்லை.

பீப்பாய் அறையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஆள் உயரத்துக்கும் மேலான பெரிய மரப்பீப்பாய்களா, இடுப்பளவு சிறிய பிரெஞ்சு பீப்பாய்களா? 1980களிலும் 90களிலும் இதை வைத்து இந்த ஊரில் பெரிய சண்டையே நடந்தது. பெரிய பீப்பாயில் மெல்ல முதிர விடுவதே மரபு என்றது ஒரு கட்சி. சிறிய புதுப் பீப்பாயில் போட்டால் ஒயின் சீக்கிரம் குடிக்கத் தயாராகும், வெளிநாட்டில் விலை போகும் என்றது இன்னொரு கட்சி. இப்போது பெரும்பாலோர் நடுவில் எங்கோ வந்து நின்றுவிட்டார்கள். உங்களுக்கு ஊற்றிக் கொடுப்பவர் எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு சுவாரசியமாகிவிடும்.

நெபியோலோவை முதல்முறை பார்ப்பவர்களை அதன் நிறம் ஏமாற்றும். மேசையில் கிடக்கும் வெள்ளை அட்டைக்கு மேல் கோப்பையைச் சாய்த்துப் பிடித்தால் ஒயினுக்கு ஊடாக எழுத்துகளை வாசிக்கலாம். விளிம்பில் செங்கல் நிறம் தட்டும். இவ்வளவு வெளிறி இருக்கிறதே, லேசாகத்தான் இருக்கும் என்று நினைத்து ஒரு வாய் எடுத்தால், பால் விடாத கடுந்தேநீரைப் போல ஈறு இறுகும். அந்தத் துவர்ப்புக்குக் கீழே ரோஜாவும் தாரும் கலந்த ஒரு வாசனை வரும். முதல் வாயில் பிடிக்கவில்லை என்றால் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். காற்றுப் பட்டதும் அதே ஒயின் வேறு ஆளாகிவிடும். சட்டப்படியே பரோலோ 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில். பார்பரெஸ்கோவுக்கு 26 மாதம், மரத்தில் 9. அதாவது, இன்று உங்கள் கோப்பையில் இருப்பது குறைந்தது இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய அறுவடை. அந்த வருடம் மழை எப்படி, வெயில் எப்படி என்று கேட்டால் தோட்டக்காரருக்கு நாள் கணக்கில் ஞாபகம் இருக்கும்.

லாங்கேயின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். செலவு மூன்றிலும் அதிகம் இங்கேதான். பெயர் பெற்ற சில தோட்டங்களில் வாடிக்கையாளர் அல்லாதவருக்கு நேரமே கிடைக்காது. அக்டோபர், நவம்பரில் ஆல்பாவில் வெள்ளை ட்ரஃபிள் என்ற உணவுப் பூஞ்சைக்குத் திருவிழா நடக்கும். அந்த வார இறுதிகளில் அறையும் கிடைக்காது, மேசையும் கிடைக்காது. அறுவடையோ செப்டம்பரில் டோல்செட்டோவில் தொடங்கி அக்டோபரில் நெபியோலோவில் முடியும். அந்த நாட்களில் சிறிய ஒயினரிக்காரருக்கு விருந்தாளியைவிடத் திராட்சை முக்கியம், அதுதான் நியாயமும். மே, ஜூன் மாதங்கள் நல்லது.

பரோலோவா பார்பரெஸ்கோவா என்று கேட்டால், முதல் பயணத்துக்கு நான் பார்பரெஸ்கோவைச் சொல்வேன். ஊர் சின்னது, கூட்டம் குறைவு. வழிபாடு நின்றுபோன பழைய சான் தொனாத்தோ தேவாலயத்துக்குள் இப்போது பொது ஒயின் கூடம் இயங்குகிறது. அந்த வட்டாரத்துப் பல தயாரிப்பாளர்களின் பாட்டில்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும். அங்கே சிலவற்றை ருசித்துப் பார்த்து, பிடித்தவருடைய ஒயினரியைத் தேடிப் போகலாம். பக்கத்திலேயே 1958இல் தொடங்கிய விவசாயிகள் கூட்டுறவு ஒயினரியும் இருக்கிறது. அது சிறியதென்று சொல்ல முடியாது. ஆனால் நல்ல அறுவடை ஆண்டுகளில் ஒவ்வொரு குன்றின் திராட்சையையும் தனித்தனியே பாட்டிலில் அடைக்கிறார்கள். ஒரே கையால், ஒரே முறையில் செய்யப்பட்டதால், அந்தப் பாட்டில்களுக்கிடையே தெரிவது மண்ணின் வித்தியாசம் மட்டுமே. குன்றுக்குக் குன்று என்ன மாறுகிறது என்று கற்க இதைவிட நேர்மையான பாடம் கிடைக்காது.

கிங் வேலியின் கதை வேறு. மெல்பர்னிலிருந்து வடகிழக்கே காரில் மூன்று மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதல். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கே வந்து குடியேறிய இத்தாலியக் குடும்பங்கள் ஒயினுக்காக வரவில்லை, புகையிலை பயிரிட்டுப் பிழைத்தார்கள். புகையிலைத் தொழில் நசியத் தொடங்கியதும் அதே நிலத்தில் திராட்சை போட்டார்கள். முதலில் மிலாவாவில் உள்ள பிரவுன் பிரதர்ஸ் போன்ற பெரிய ஒயினரிகளுக்குத் திராட்சையை விற்றார்கள். பிறகுதான் தங்கள் பெயரிலேயே பாட்டில் போட ஆரம்பித்தார்கள். 2006இல் விக்டோரியாவின் புகையிலைச் சாகுபடியே முடிவுக்கு வந்தது. பள்ளத்தாக்கில் போகும்போது உயரமான பழைய புகையிலை உலர்த்தும் கொட்டகைகள் இன்றும் கண்ணில் படும்.

இந்தக் குடும்பங்கள் தங்கள் தாத்தா பாட்டியின் நாட்டுத் திராட்சைகளையும் நட்டார்கள். டால் ஸொட்டோ குடும்பம் 1999இல் ப்ரொசெக்கோ என்ற நுரைக்கும் வெள்ளை ஒயினுக்கான கொடியை நட்டு 2004இல் முதல் பாட்டிலை வெளியிட்டது. ஆஸ்திரேலியாவில் அதற்கு முன் யாரும் அதைச் செய்திருக்கவில்லை. இத்தாலியோ 2009இல் அந்தத் திராட்சையின் பெயரை க்ளேரா என்று மாற்றி, ப்ரொசெக்கோ என்ற பெயரை ஊருக்கு உரியதாக்கிக்கொண்டது. அதனால் கிங் வேலிப் பாட்டிலை அந்தப் பெயரில் ஐரோப்பாவில் விற்க முடியாது. இந்தப் பஞ்சாயத்தில் யார் பக்கம் நியாயம் என்று ஒயினரி மேசையில் கேட்டுவிடாதீர்கள், மத்தியானம் முழுக்க அதிலேயே போய்விடும்.

விட்ஃபீல்ட், செஷண்ட் ஆகிய சிற்றூர்களைச் சுற்றியே முக்கியமான குடும்ப ஒயினரிகள் எல்லாம் இருக்கின்றன: டால் ஸொட்டோ, பிட்ஸீனி, கிறிஸ்மாண்ட், பொலித்தீனி. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் சில நிமிடம்தான். பிட்ஸீனியில் சாஞ்சொவேசே, நெபியோலோ, ஆர்னேஸ், வெர்துட்ஸோ, பிராக்கெட்டோ என்று நீண்ட பட்டியல் உண்டு. பொலித்தீனி குடும்பத்தின் வேர் சிசிலியில் என்பதால் அங்கே நேரோ தாவோலா. லாங்கேயில் மூன்று நான்கு திராட்சைக்கு மேல் பார்க்க முடியாத ஒருவர் இங்கே ஒரே பகலில் பத்துக்கும் மேற்பட்டவற்றைச் சந்தித்துவிடலாம். இருவர் மூவராகப் போனால் முன்பதிவு இல்லாமலும் பெரும்பாலும் இடம் கிடைக்கும், வார இறுதி என்றால் சொல்லிவிட்டுப் போவது நல்லது. சுவைக்கும் கட்டணத்தைப் பாட்டில் வாங்கினால் கழித்துக்கொள்ளும் வழக்கமும் பல இடங்களில் உண்டு.

இந்தப் பள்ளத்தாக்கின் பலம் அதன் உயரம் மாறுவதில் இருக்கிறது. கீழே மிலாவா பக்கம் கடல் மட்டத்திலிருந்து 150 மீட்டர் அளவில் தொடங்கும் தோட்டங்கள் மேலே விட்லாண்ட்ஸ் பீடபூமியில் 800 மீட்டரைத் தொடுகின்றன. மேலே குளிர் என்பதால் ப்ரொசெக்கோவுக்கு வேண்டிய புளிப்பு கிடைக்கிறது; கீழே சிவப்புத் திராட்சை நன்றாகப் பழுக்கிறது. ஆக, ஒயினை ருசிக்கும்போது இந்தத் திராட்சை எந்த உயரத்திலிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் ஊற்றினால் உட்காருங்கள். தெரியாதவர் ஊற்றினால் ஒரு கோப்பையோடு கிளம்பி அடுத்த இடம் பார்க்கலாம்.

சுவை எப்படி? வெள்ளைகள் பளிச்சென்று இருக்கும். சாஞ்சொவேசே நன்றாகவே இருக்கும், மதிய உணவோடு குடிக்க ஏற்றது. நெபியோலோ விஷயத்தில்தான் எனக்குத் தயக்கம். அது சீக்கிரம் துளிர்த்துத் தாமதமாகப் பழுக்கும் கொடி. வசந்தப் பனிக்கும் பயப்பட வேண்டும், இலையுதிர் கால மழைக்கும் பயப்பட வேண்டும். லாங்கேக்கு வெளியே அது மனம் வைத்து வளரும் இடங்கள் மிகக் குறைவு. கிங் வேலி நெபியோலோவைக் குடித்துப் பார்த்து, நெபியோலோ என்றால் இவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

அமடோர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அங்கே போகக் காரணம் ஒன்றே ஒன்று: பார்பேரா. சாக்ரமென்டோவிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குள் ப்ளிமத் என்ற சிற்றூர் வரும், அதை ஒட்டி ஷெனண்டோவா பள்ளத்தாக்கு. 1850களின் தங்க வேட்டைக் காலத்திலேயே இங்கே ஒயின் செய்தார்கள். கோடை வெயில் கொளுத்தும், மண் சிதைந்த கருங்கல் மண். இந்த வெயிலில் பல திராட்சைகள் சர்க்கரை ஏறி, புளிப்பை இழந்து, ஜாம் மாதிரி ஆகிவிடும். பார்பேராவுக்கோ இயல்பிலேயே புளிப்பு அதிகம், துவர்ப்பு குறைவு. வெயில் அதை எவ்வளவு பழுக்க வைத்தாலும் அந்தப் புளிப்பு தாக்குப்பிடிக்கும். பீட்மாண்டில் வீட்டுச் சாப்பாட்டு ஒயினாகக் கருதப்பட்ட திராட்சை, இங்கே தோட்டத்தின் முதல் வரிசைக்கு வந்துவிட்டது. ஆல்கஹால் 14, 15 சதவீதத்தைத் தொடும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இதே பள்ளத்தாக்கில் வீனோ நொசேட்டோ என்ற குடும்ப ஒயினரி சாஞ்சொவேசேயையே முதன்மையாக வைத்து, ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் செய்கிறது. இது கொஞ்சம் துணிச்சலான வேலை. 1980, 90களில் கலிபோர்னியாவில் பலர் ஆர்வக்கோளாறில் சாஞ்சொவேசே நட்டார்கள். பொருந்தாத கன்று, பொருந்தாத இடம், கொடிக்குத் தாங்காத விளைச்சல் என்று எல்லாம் சேர்ந்து சப்பென்ற ஒயினாக வந்தது. வாங்க ஆள் இல்லாமல் பலர் பிடுங்கியும் எறிந்தார்கள். அந்த அலை ஓய்ந்த பிறகும் விடாமல் செய்பவர்களிடம் சொல்வதற்குக் கதை இருக்கும். சின்ன ஒயினரிக்குப் போவதே அதற்காகத்தானே.

அமடோரில் ஜின்ஃபண்டேல் என்ற பெயர் எங்கும் கண்ணில் படும். அதை அமெரிக்கத் திராட்சை என்று நினைப்பவர்கள் உண்டு. மரபணுச் சோதனையில் அதுவும் தென்னித்தாலியின் ப்ரிமித்தீவோவும் ஒன்றே என்று உறுதியானது, இரண்டுக்கும் பூர்வீகம் குரோஷியா. ஆகவே இத்தாலியத் திராட்சை தேடிப் போனவர் அதை ஒதுக்க வேண்டியதில்லை.

நடைமுறை விஷயங்களில் முதலாவது வண்டி. மூன்று இடத்திலும் பொதுப் போக்குவரத்தை நம்பி ஒயினரி சுற்ற முடியாது. இரத்த ஆல்கஹால் வரம்பு இத்தாலியிலும் விக்டோரியாவிலும் 0.05 சதவீதம், கலிபோர்னியாவில் 0.08. இத்தாலியில் உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவருக்கு வரம்பு சுழியம். கலிபோர்னியாவில் 21 வயது ஆகாதவருக்கு ஊற்றவே மாட்டார்கள், மற்ற இரண்டு இடங்களிலும் 18. ஓட்டுபவர் ஒருவர் குடிக்காமல் இருப்பதுதான் நிம்மதி. அப்படி யாரும் கிடைக்கவில்லை என்றால் லாங்கேயில் திராட்சைத் தோட்டத்துக்குள்ளேயே தங்கும் அறைகள் நிறைய உண்டு. ஒரு குன்றில் தங்கி நடந்து போகும் தூரத்தில் இரண்டு ஒயினரி பார்த்துவிடலாம். இந்த ஒரு வசதியில் லாங்கே மற்ற இரண்டையும் மிஞ்சும். ருசித்துவிட்டுத் துப்ப ஒரு பாத்திரம் எல்லா இடத்திலும் இருக்கும், கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். ஒயின் செய்பவரே துப்புவார்.

எங்கே போனாலும், பாட்டில் எப்போது திறந்தது என்று கேட்டுவிடுங்கள். நேற்று முன்தினம் திறந்து பாதி காலியான பாட்டிலிலிருந்து ஊற்றினால், குறை திராட்சையுடையதா, பாட்டிலுடையதா என்று உங்களுக்குத் தெரியாது. கூட்டமில்லாத வார நாட்களில் இது அடிக்கடி நடக்கும். புதிதாக ஒன்று திறக்க முடியுமா என்று கேட்டால் நல்ல ஒயினரிக்காரர் முகம் சுளிக்க மாட்டார். இன்னொரு கேள்வி: திராட்சை சொந்தத் தோட்டமா, வாங்கியதா? வாங்கிச் செய்வதில் தவறில்லை, ஆனால் ஜன்னலுக்கு வெளியே தெரியும் கொடிகளுக்கும் உங்கள் கோப்பைக்கும் சம்பந்தம் இல்லையென்றால் அது தெரிந்திருக்க வேண்டும்.

இனி முடிவுக்கு வருவோம். இத்தாலியத் திராட்சை உங்களுக்குப் புதிது என்றால், கிங் வேலி. இரண்டு பகல் ஒதுக்குங்கள், எது பிடிக்கிறது எது பிடிக்கவில்லை என்று நாக்கே சொல்லிவிடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அங்கே அறுவடைக் காலம், அதைத் தவிர்த்தால் பேச ஆள் கிடைப்பார்கள். ஏற்கெனவே நெபியோலோ பிடித்துப்போனவர் என்றால் வேறு எங்கும் போகாமல் நேரே லாங்கே போங்கள், மூன்று நாளாவது தங்குங்கள், பணம் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். துவர்ப்பு ஒத்துக்கொள்ளாத ஆள், ஆனால் சிவப்பு ஒயின் வேண்டும் என்பவருக்கு அமடோர் பார்பேரா. அதற்கென்றே கண்டம் தாண்டிப் போக வேண்டாம். வடகலிபோர்னியாவில் இருப்பவர்கள் ஒரு நாளில் போய்வரலாம், மற்றவர்கள் சான் பிரான்சிஸ்கோ பக்கம் வேறு வேலையாக வரும்போது சேர்த்துக்கொள்ளலாம்.

வெள்ளை ஒயின் மட்டுமே குடிப்பவருக்கு இந்த மூன்றுமே முதல் தேர்வாக இருக்க முடியாது. கம்பானியாவுக்குப் போனால் ஃபியானோவைப் பிறந்த மண்ணிலேயே ருசிக்கலாம். தெற்கு ஆஸ்திரேலியாவின் மெக்லாரன் வேலில் அதே திராட்சை வெயிலிலும் புளிப்பு குறையாமல் வருகிறது. அங்கே கோரியோல் என்ற ஒயினரி 1985இலேயே சாஞ்சொவேசே நட்டுவிட்டது, பின்னாளில் ஃபியானோவுக்கும் பெயர் வாங்கியது. அடிலெய்டு நகரிலிருந்து முக்கால் மணி நேரம்தான்.